இரண்டு ஜி.பி.யில் ஒரு குடித்தனம்

2011-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 15-ஆம் தேதி, அண்ணாவின் பிறந்த தினத்தன்று, அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டத்தில் ஆரம்பித்து வைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டமானது, அதுவரை கணினி என்ற வஸ்துவே வாசற்படி ஏறியிராத பல லட்சம் வீடுகளுக்குள் ஒரு யந்திரத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. முதல் வருஷத்துக்கு மட்டும் 9 லட்சத்து 12 ஆயிரம் கணினிகள், அவற்றுக்கு 912 கோடி ரூபாய் என்று அவ்வாண்டின் நிதிநிலை அறிக்கை கணக்குச் சொல்லிற்று. திருவண்ணாமலை நகரத்திலும், அதைச் சுற்றியுள்ள செங்கம், போளூர், தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர் முதலிய ஊர்களிலும் அரசுப் பள்ளிகளில் படித்து முடித்தவர்களின் வீடுகளில் அந்த யந்திரங்கள் இன்னும் இருக்கின்றன. பரண்மேல் பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவிலோ, பீரோவின் அடித்தட்டில் பழைய சான்றிதழ்க் கோப்புகளுக்குக் கீழோ, அல்லது பென் டிரைவில் சினிமா ஏற்றிப் பார்க்கும் பெட்டியாக ஸ்தானம் இறங்கிக் கூடத்து மூலையிலோ இருக்கின்றன. ஏன் இதை உபயோகிப்பதில்லை என்று வீட்டுக்காரரைக் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஆன் ஆவுதுங்க, ஆனா ரொம்ப ஸ்லோ."

அந்தப் பதிலைச் சற்று நின்று விசாரிப்பதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். 14 அங்குலத் திரை, 2 ஜி.பி. ரேம், 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க் என்ற அளவில் வந்த யந்திரம் அது. வந்த புதிதில் அதில் பாடம் படித்தார்கள், படம் பார்த்தார்கள், கல்லூரி புராஜெக்ட் தயார் செய்தார்கள். அப்போது யாரும் அதை மந்தம் என்று சொன்னதில்லை. இன்றைக்கு அதே யந்திரம் ஒரு சாளரத்தைத் திறப்பதற்குள் நமக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. இடையில் கெட்டுப்போனது எது?

மனிதனைப்போல யந்திரத்துக்கும் மூப்பு வந்து தளர்ச்சி உண்டாகிறது என்பது ஜனங்களின் பொது அபிப்பிராயம். இது பெரும்பாலும் பிசகு. வினாடிக்கு 200 கோடித் துடிப்பு என்று நிர்ணயிக்கப்பட்ட ஒரு பிராசசர், பதினைந்து வருஷங் கழித்தும் அதே 200 கோடித் துடிப்பில்தான் ஓடுகிறது. சிலிக்கனுக்கு முழங்கால் வலி கிடையாது. தேய்பவை வேறு. பேட்டரியின் ரசாயனம் தளர்ந்து, சார்ஜ் நிற்காமல் போகும். ஹார்ட் டிஸ்க்கின் சுழலும் தட்டில் சில இடங்கள் படிக்க முடியாமல் பழுதாகும். காற்றாடியில் தூசி அடையும். இந்த மூன்றாவது விஷயம், சித்திரை வைகாசியில் பகலெல்லாம் வெயிலை வாங்கிய மலைப்பாறை, பொழுது சாய்ந்த பிறகும் அனலை ஊர்மேல் விட்டுக்கொண்டிருக்கும் அண்ணாமலைவாசிகளுக்கு மற்றவர்களைவிடச் சற்று அதிக முக்கியமானது. ஏனென்றால், பிராசசர் தன் உஷ்ணம் ஓர் எல்லையைத் தொட்டதும், கருகிப் போகாமலிருக்கத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அடி மூடியைக் கழற்றி, காற்றாடியின் வாயில் கம்பளிபோல் படிந்த தூசியை ஒரு பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, பிராசசருக்கும் செம்புத் தகட்டுக்கும் இடையில் காய்ந்து பொறுக்காகிவிட்ட பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவினால், அந்த வகை மந்தம் அன்றே தீர்ந்துவிடும். தேரடி வீதியிலானாலும் செங்கம் சாலையிலானாலும் லாப்டாப் சர்வீஸ் செய்பவர்கள் இதை முதலில் செய்கிறார்கள். அது சரியான முறையே.

ஆனால் அதைச் செய்த பிறகும் மந்தம் நீங்காத கணினிகளே அதிகம். அவற்றின் வியாதி வேறிடத்தில் இருக்கிறது. அதை அறியக் கணினியின் நினைவு வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகப் பார்க்கவேண்டும்.

கணினிக்கு இருவிதமான நினைவு உண்டு. ரேம் என்பது வேகமானது, சிறியது, மின்சாரம் நின்றால் மறந்துவிடுவது. ஹார்ட் டிஸ்க் என்பது பெரியது, மறக்காதது, ஆனால் மகா மந்தமானது. ஓடிக்கொண்டிருக்கும் எந்த நிரலும் தனக்கு வேண்டிய விஷயங்களை ரேமில் வைத்துக்கொண்டால்தான் பிராசசர் அதைத் தொடமுடியும். ரேம் போதாதபோது, அப்போதைக்கு வேண்டாத பகுதிகளை (இவற்றைப் பக்கங்கள் என்பார்கள்) டிஸ்க் போன்ற மந்தமான நினைவில் கொண்டுபோய் வைத்துவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளும் யுக்தி 1962-இல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்னின் குழுவினர் உருவாக்கிய அட்லஸ் என்ற கணினியில் முதன்முதல் பிரயோகத்துக்கு வந்தது. இன்றைய கணினிகள் எல்லாம் அந்த யுக்தியின் சந்ததிகளே. ஆயினும் அதில் ஒரு விபரீதம் ஒளிந்திருக்கிறது.

பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகிலும் அன்னதானப் பந்தல்கள் போட்டிருப்பார்கள். இருபது இலை போடக்கூடிய ஒரு பந்தலில் அறுபது பேர் வந்தாலும், முதல் பந்தி எழுந்து அடுத்த பந்தி உட்கார, காரியம் ஒழுங்காகவே நடக்கும். ஆனால், வந்தவர்கள் அறுபது பேரும் ஒரே சமயத்தில் சாப்பிட்டாக வேண்டும், யாரையும் அதிக நேரம் காக்க வைக்கலாகாது என்று யாரோ ஒரு புண்ணியவான் விதி வகுத்துவிட்டால் என்ன ஆகும்? ஒருவர் ஒரு கவளம் உண்டதும் அவரை எழுப்பி அனுப்பவேண்டும். வெளியே நிற்பவரை அழைத்து உட்கார்த்தவேண்டும். இலை எடுப்பதும் போடுவதுமாகப் பரிமாறுபவர்களின் பொழுது முழுவதும் கழிந்து, சாம்பார் வாளி அசையாமல் நின்ற இடத்திலேயே நிற்கும். பசியும் தீராது, பந்தலும் ஓயாது. கணினியில் இதே நிலை ஏற்படுவதை 1968-இல் பீட்டர் டென்னிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஆராய்ந்து, ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு சமயத்தில் அவசியமாகக் கையருகே இருக்கவேண்டிய பக்கங்களின் தொகுதி ஒன்று உண்டு என்றும், ஓடும் நிரல்கள் யாவற்றின் தொகுதிகளும் சேர்ந்து ரேமின் கொள்ளளவை மீறிய மாத்திரத்தில் வேகம் சிறுகச் சிறுகக் குறையாமல் திடீரென்று அதலபாதாளத்தில் விழும் என்றும் நிரூபித்தார். 2 ஜி.பி. கணினியில் ப்ரௌசரில் மூன்றாவது தாவல் வரை சுமாராக ஓடி, நான்காவதைத் திறந்ததும் "ஹேங்" ஆகிவிடுவதன் காரணம் இதுதான். அப்போது முன்புறத்தில் டிஸ்க்குக்கென்று உள்ள சிறு விளக்கைக் கவனித்தால், அது மினுக்குவதை விட்டுவிட்டு நிலையாக எரிந்துகொண்டிருப்பது தெரியும்.

வீழ்ச்சி எவ்வளவு என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். மடிக்கணினிகளின் ஹார்ட் டிஸ்க் பொதுவாக நிமிஷத்துக்கு 5,400 சுற்றுகள் சுழலும். அதாவது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிவினாடி. வேண்டிய இடம் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, ஐந்தரை மில்லிவினாடி. முனை அந்தத் தடத்துக்கு நகர இன்னும் சுமார் 12 மில்லிவினாடி. ஆக, சிதறிக் கிடக்கும் பக்கங்களை வினாடிக்கு அறுபதுக்கு மேல் எடுத்துவர அதற்குச் சக்தியில்லை. ஒரு பக்கம் என்பது 4 கே.பி. எனவே, மிக மோசமான நிலையில் வினாடிக்கு 240 கே.பி. ரேமோ அதே பக்கத்தை ஒரு வினாடியின் கோடியில் ஒரு பங்குக் காலத்தில் நீட்டத் தொடங்கிவிடும். இரண்டுக்கும் உள்ள தாரதம்மியம் லட்சம் மடங்குக்கு மேல். பிராசசர் என்ன செய்யும்? கைகட்டிக் காத்திருக்கிறது. நாம் அதைக் கிழடு என்கிறோம்.

இதற்குப் பரிகாரம் இரண்டே. பந்தலைப் பெரிதாக்கலாம், அல்லது அழையா விருந்தாளிகளைக் குறைக்கலாம். விருந்தாளிகள் யார் என்றால், நாம் எதையும் திறக்குமுன்பே ரேமில் வந்து அமர்ந்துகொள்ளும் உபநிரல்கள்தாம்: கோப்புகளையெல்லாம் துருவி அட்டவணை தயாரிப்பது ஒன்று, வைரஸைக் காவல் காப்பது ஒன்று, புதுப்பிப்பைத் தேடிப் போவது ஒன்று, ஜன்னல்களுக்குக் கண்ணாடிபோன்ற மினுமினுப்பைத் தருவது ஒன்று. நினைவின் விலை வருஷத்துக்கு வருஷம் இறங்கிய காலத்தில் நிரல் எழுதியவர்களுக்குச் சிக்கனத்துக்கு அவசியமே இருக்கவில்லை. அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. புதிய கணினி வாங்குபவனுக்கு அது சௌகரியம், பழையதை வைத்திருப்பவனுக்கு அது பாரம்.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் விசேஷம் இங்கேதான் வெளிப்படுகிறது. 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஆரம்பித்த குனு இயக்கமும், 1991-இல் ஹெல்சிங்கி நகரில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கர்னல் என்ற மையநிரலும் சேர்ந்து உண்டான அந்த இயங்குதளத்தின் மூலநிரல் யாவருக்கும் திறந்தே கிடக்கிறது. யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இதனால் விளைந்த நன்மைகளில் இலவசம் என்பது சிறியது என்பேன். வேண்டாத உறுப்பைக் கழற்றி வைக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை என்பதே பெரியது. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் ஐந்நூறு சூப்பர் கணினிகள் அனைத்திலும் ஓடுவது இந்த லினக்ஸ் கர்னல்தான். அதே கர்னல்தான் செங்கத்துப் பரண்மேல் உள்ள 2 ஜி.பி. பெட்டியிலும் ஓடச் சம்மதிக்கிறது. கர்னலுக்கு மேலே கண்ணுக்குத் தெரியும் மேசைத்தளத்தை மட்டும் அவரவர் யந்திரத்துக்குத் தக்கபடி பொறுக்கிக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் பாரி கௌலர் என்பவர் 2003-இல் வெளியிட்ட பப்பி லினக்ஸ், டிஸ்க்கே இல்லாத கணினியிலும் முழுவதும் ரேமில் அமர்ந்து ஓடிற்று. தைவானில் ஹோங் ஜென் யீ 2006-இல் தொடங்கிய எல்.எக்ஸ்.டி.இ. என்ற மேசைத்தளமும், அதன் வாரிசான எல்.எக்ஸ்.க்யூ.டி.யும், எக்ஸ்.எஃப்.சி.இ.யும் ஆடம்பரமற்றவை. ஆன்டிஎக்ஸ் என்ற தொகுப்போ, தொடங்கி நிற்கும் நிலையில் இருநூறு முந்நூறு எம்.பி. ரேமிலேயே திருப்தியடைந்து, மீதியை நம் உபயோகத்துக்கு விட்டுவிடுகிறது.

இதில் நம் நாட்டுச் சரித்திரம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தில் சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த 2006-ஐ அடுத்த வருஷங்களிலேயே அலுவலகக் கணினிகளில் சூசே லினக்ஸ் ஏற்றப்பட்டது. சென்னை சி-டாக் நிறுவனமும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏ.யு-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் சேர்ந்து நடத்திய, திறந்தமூல மென்பொருளுக்கான தேசிய மையத்தின் முயற்சியால், டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை ஆதாரமாகக் கொண்டு பாஸ் என்ற பாரத இயங்குதளம் 2007 ஜனவரியில் வெளியாயிற்று. தமிழிலேயே பட்டியல்களைக் காட்டும் அந்த பாஸ் லினக்ஸ், நாம் பேசிக்கொண்டிருக்கும் இலவச மடிக்கணினிகளிலேயே விண்டோஸுக்குப் பக்கத்தில் ஏற்றித் தரப்பட்டது. கணினியை ஆன் செய்ததும் இரண்டில் எது என்று திரை கேட்கும். பிள்ளைகள் கீழ் அம்புக்குறியை அழுத்தி விண்டோஸுக்குப் போய்விடுவார்கள். அவர்கள்மேல் தவறில்லை. பாஸ் என்றால் என்ன என்று வகுப்பில் சொல்வாரில்லை, பாடப்புத்தகத்தில் அதற்கு இடமில்லை, சர்வீஸ் கடைக்காரர் முதல் காரியமாக அதை அழித்து அந்த இடத்தையும் சினிமாவுக்கு ஒதுக்கித் தந்தார். பக்கத்துக் கேரளத்தில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின் வழியாக முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடத்தையும் சுதந்திர மென்பொருளைக் கொண்டே எழுதி, பிறகு கணினியைக் கொடுத்தார்கள். அங்கே அது நிலைத்தது. நாம் கருவியைக் கொடுத்த தாராளத்தில் நூற்றில் ஒரு பங்கைப் போதனையில் காட்டவில்லை. 2025-26 நிதிநிலை அறிக்கை 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மறுபடியும் கணினி தருவதாக அறிவித்ததால் இது வெறும் பழங்கதையும் அல்ல.

இனிக் காரியத்துக்கு வருவோம். பழைய கணினியில் உள்ள போட்டோக்களையும் சான்றிதழ் நகல்களையும் வேறொரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே எதையும் தொடவேண்டும். 4 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸை ஏற்றி, ஆன் செய்யும்போது எஃப்12 அல்லது அந்தக் கம்பெனிக்குரிய வேறு விசையைத் தட்டினால், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே முழு இயங்குதளமும் எழுந்து வரும். பிடித்திருந்தால் நிலையாகப் போடலாம். பிடிக்காவிட்டால் பென் டிரைவை உருவிவிட்டால் பழையபடி. வாங்குமுன் ருசி பார்க்க இவ்வளவு தாராளமாக இடங்கொடுக்கும் சரக்கு கடைவீதியில் வேறு எதுவும் இல்லை. இந்தப் பரீட்சையில் ஒலி, திரை, வைஃபை மூன்றையும் பார்த்துவிடவேண்டும். வைஃபை சில்லுகள் சிலவற்றுக்கு அவற்றின் கம்பெனியார் மூலநிரலைத் தராததால் தனிக் கோப்பு தேவைப்படும். 2023-இல் வெளியான டெபியன் 12 முதல் அவை நிறுவும் தொகுப்பிலேயே சேர்க்கப்பட்டுவிட்டதால் தொல்லை பெரிதும் குறைந்தது. அப்படியும் வைஃபை மௌனம் சாதித்தால், கைபேசியை யு.எஸ்.பி. கேபிளால் இணைத்து டெதரிங்கை ஆன் செய்துவிட்டு, அந்த இணையத்தின் வழியே வேண்டிய கோப்பை இறக்கிக்கொள்ளலாம்.

பரணிலிருந்து இறங்கிய கணினிகளில் அடிக்கடி காணும் ஒரு விசித்திரத்தையும் சொல்லவேண்டும். எல்லாம் சரியாக ஏறியிருக்கும், இணையமும் வந்திருக்கும், ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்றது என்று ப்ரௌசர் கதவைச் சாத்தும். புதியவர்கள் லினக்ஸின்மேல் பழி போட்டுவிடுவார்கள். திரையின் மூலையில் தேதியைப் பார்த்தால், அது கணினி பிறந்த வருஷத்தையோ அதற்கும் முந்தியதையோ காட்டிக்கொண்டிருக்கும். மதர்போர்டில் ஒற்றை ரூபாய் நாணயம்போல் உள்ள சிறு பேட்டரி தீர்ந்துபோனதால், கடிகாரம் ஒவ்வொரு முறையும் ஆதிக்குத் திரும்பிவிடுகிறது. தளங்களின் பாதுகாப்புச் சான்றுக்கு ஆரம்பத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. பதினைந்து வருஷம் பின்னால் நிற்கும் கணினிக்கு அந்தச் சான்று இன்னும் எழுதப்படவே இல்லை. தேதியைத் திருத்தினால் போதும். அந்த நாணய பேட்டரியை மாற்றினால் நிரந்தரமாகப் போதும்.

பந்தலை விஸ்தரிக்கச் செலவில்லாத உபாயம் ஒன்றும் லினக்ஸில் இருக்கிறது. இசட்-ரேம் என்ற அந்த அமைப்பு 2014 முதல் கர்னலின் பூரண அங்கமாயிற்று. அடிக்கடி தொடப்படாத பக்கங்களை டிஸ்க்குக்கு விரட்டாமல் ரேமிலேயே ஒரு பகுதியில் சுருக்கி மடித்து வைப்பது அதன் வேலை. சாதாரணமாக இரண்டு மூன்று பக்கங்கள் ஒன்றின் இடத்தில் அடங்கிவிடும். மடிக்கவும் பிரிக்கவும் பிராசசருக்குக் கொஞ்சம் உழைப்பு உண்டு. ஆனால் டிஸ்க்குக்காகக் கைகட்டி நின்ற பிராசசருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. இதற்கு மேல் பணம் செலவழிக்க இஷ்டமுள்ளவர்கள் இன்னொரு 2 ஜி.பி. ரேம் துண்டும், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு சிறிய எஸ்.எஸ்.டி.யும் போடலாம். அக்காலத்து மலிவுக் கணினிகளில் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பு, 2 ஜி.பி.க்கு மேல் ரேம் ஏற்றினாலும் கண்டுகொள்ளாது என்பதை இங்கே நினைவூட்டுவது தகும்; யந்திரத்தில் இடமிருந்தும் மென்பொருள் விலங்கு போட்டிருந்தது.

இத்தனை செய்தும், லேசான இயங்குதளத்தால் தீர்க்கமுடியாத பிரச்சினை ஒன்று நிற்கிறது. அது இணையத்தளங்களின் பருமன். ஒவ்வொரு தாவலும் பத்திரத்துக்காகத் தனித்தனிச் செயலாக ஓடுகிறது. விளம்பரமும் தானே ஓடும் வீடியோவும் நிறைந்த ஒரு செய்தித்தளம் சில நூறு எம்.பி.யை விழுங்கிவிட்டு இன்னும் கேட்கும். ப்ரௌசர் எந்த இயங்குதளத்திலும் அதே ப்ரௌசர்தான். விளம்பரத் தடுப்பானைப் போட்டு, தாவல்களை மூன்று நான்கோடு நிறுத்திக்கொண்டால், டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம், மின்கட்டணம், மின்னஞ்சல் எல்லாம் நடக்கும். இணையம் இல்லாமலும் பெரிய பிரயோஜனங்கள் உண்டு. பௌர்ணமியன்று லட்சக்கணக்கான ஜனங்கள் திரண்டு கைபேசி அலைவரிசை திணறும் இரவில், கிவிக்ஸ் என்ற மென்பொருளில் முன்பே இறக்கி வைத்த தமிழ் விக்கிப்பீடியா தடையின்றித் திறக்கும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் சங்க நூல்களும் புராணங்களும் 320 ஜி.பி. டிஸ்க்கில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

தமிழ் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "கொ" என்பதைத் தட்டினால், ஒற்றைக் கொம்பு ககரத்தின் இடப்புறமும் கால் வலப்புறமும் போய் அமரவேண்டும். ஆதியில் லினக்ஸ் திரைகளில் இது புள்ளிவட்டமும் சிதறலுமாகத்தான் வந்தது. இப்போது ஹார்ஃப்பஸ் என்ற திறந்தமூல அமைப்பு அந்த வேலையைப் பிழையின்றிச் செய்கிறது. தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றிக்கொள்ளலாம். ஆயினும், கோபுரத்தைச் சுற்றியுள்ள வீதிகளில் கலியாணப் பத்திரிகையும் கும்பாபிஷேக அழைப்பிதழும் அச்சுக்கோக்கும் டி.டி.பி. கடைக்காரரிடம் லினக்ஸுக்கு மாறும்படி நான் சொல்லமாட்டேன். பேஜ்மேக்கரும் பாமினி, செந்தமிழ், வானவில் எழுத்துருக்களும்தான் அவருடைய தொழில். யூனிகோடுக்கு முந்திய குறியீட்டில் அமைந்த பல வருஷத்துக் கோப்புகள் அவரிடம் கிடக்கின்றன. அவருக்கு அவருடைய பழைய விண்டோஸே, இணையத்தோடு இணைக்காத பட்சத்தில், பொருத்தம்.

மற்றவர்களுக்கோ காலம் நெருக்குகிறது. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடும், விண்டோஸ் 10-க்கு வழக்கமான திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடும் நின்றன. விண்டோஸ் 11-ஓ, இந்த யந்திரங்களில் இல்லாத டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. 2022-இல் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியதென்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதமே என்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. ஓடக்கூடிய கணினியைப் பழைய இரும்புக்கு எடைபோடுமுன் ஒரு பென் டிரைவை நுழைத்துப் பார்ப்பது அதிகச் சிரமமல்ல. துணைக்கு ஆள் வேண்டுமானால், பக்கத்து விழுப்புரத்திலேயே குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்துப் பிள்ளைகளுக்கு இவற்றைக் கற்பித்து வருகிறது.

எந்தத் தொகுப்பைத் தேர்ந்தெடுப்பது என்பது மட்டும் பாக்கி. பிராசசர் 64 பிட் வகையா என்பதை முதலில் பார்க்கவேண்டும். 64 பிட்டும் 4 ஜி.பி. ரேமும் இருந்தால் டெபியனை எக்ஸ்.எஃப்.சி.இ. மேசைத்தளத்தோடு போட்டுவிட்டு மறந்துவிடலாம், 2 ஜி.பி.யாக இருந்தால் அதையே எல்.எக்ஸ்.க்யூ.டி.யோடு போட்டு, இசட்-ரேமையும் இயக்கிவிடலாம். 32 பிட்டுக்கான நிறுவும் தொகுப்பை 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 கைவிட்டுவிட்டதால், அவ்வகைப் பழைய நெட்புக்குகளுக்கு ஆன்டிஎக்ஸ் போன்றவையே போக்கிடம். 1 ஜி.பி.க்கும் குறைந்த யந்திரத்தில் இணையத்தைத் தேடாமல், எழுதவும் படிக்கவும் மட்டும் வைத்துக்கொள்வதே உசிதம்.